பட்டனைத் தட்டினால் ஜன்னல் ஏன் உறைகிறது? பைத்தான் ஜன்னல் நிரல்களின் அடிப்படை

சென்னையில் பொறியியல் படிப்பில் பைத்தான் பாடம் முடித்த மாணவர் யாரைக் கேட்டாலும் அந்த மொழியில் நாலு நிரல் (புரோகிராம்) எழுதிக் காட்டுவார். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் வந்துவிட்டது. ஆனால் அந்த நிரல்களில் பெரும்பாலானவை கறுப்புத் திரையில் ஒரு கேள்வி கேட்கும், ஒரு விடை சொல்லும், முடிந்துவிடும். அதையே வீட்டில் அப்பாவோ கடையில் மாமாவோ பயன்படுத்துகிற மாதிரி, பெட்டியும் பட்டனும் வைத்த ஜன்னலாக மாற்றப் போகும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. ஜன்னல் வந்த வேகத்தில் மறைகிறது. பட்டனைத் தொடுவதற்கு முன்பே அதன் வேலை நடந்துவிடுகிறது, பிறகு எத்தனை முறை தட்டினாலும் அசைவில்லை. படம் வைத்த இடம் வெறுமையாக இருக்கிறது. கொஞ்சம் பெரிய வேலையாகக் கொடுத்தால் ஜன்னல் வெளுத்துப்போய், தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று எழுதிக்கொள்கிறது.

நான்கும் தனித்தனிக் கோளாறு போலத்தான் தெரியும். மூன்று ஒரே வேரிலிருந்து வருகின்றன, படம் மறைவது மட்டும் பக்கத்து வேர். இரண்டையும் தோண்டிப் பார்ப்போம். மொழி பைத்தான், ஜன்னலுக்கான கருவி பெரும்பாலும் அதனுடனேயே வரும் டிகின்டர். நிரலில் இந்தப் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்தில்தான் தட்டப்படும், இங்கே அவற்றின் ஒலிப்பைக் கொடுத்திருக்கிறது.

எடுத்துக்கொள்ளும் உதாரணம்: சப் மீட்டர் கணக்கு

சூளைமேட்டிலோ திருவல்லிக்கேணியிலோ வாடகைக்கு இருந்தவர்களுக்கு சப் மீட்டர் புதிதில்லை. வீட்டு உரிமையாளர் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர் மாட்டியிருப்பார். போன தடவை ரீடிங், இந்தத் தடவை ரீடிங், யூனிட்டுக்கு இவ்வளவு என்று பெருக்கிப் பணம் வாங்குவார். 4318-லிருந்து 4463 வரை ஓடியிருந்தால் 145 யூனிட், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் 1,160 ரூபாய். (அந்த 8 ரூபாய் நியாயமா என்பது வேறு கட்டுரை.)

நமக்கு வேண்டியது மூன்று பெட்டி, ஒரு பட்டன், விடை காட்ட ஓர் இடம். மின்வாரியத்தின் அடுக்குக் கட்டணத்தை வேண்டுமென்றே தொடவில்லை. அது அடிக்கடி மாறும் அட்டவணை. ஜன்னல் கட்டுவதோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேட்கும் நிரலும் காத்திருக்கும் நிரலும்

கறுப்புத் திரை நிரல், ரீடிங் எடுக்க வரும் ஊழியர் மாதிரி. வரிசை அவர் கையில் இருக்கிறது. முதலில் பழைய ரீடிங் கேட்பார், நீங்கள் சொல்லும் வரை நிற்பார், அப்புறம் புதியது கேட்பார், கணக்குப் போடுவார், போய்விடுவார். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்ல உங்களால் முடியாது.

ஜன்னல் நிரல் டீக்கடை மாஸ்டர் மாதிரி. அடுத்து என்ன நடக்கும் என்பது அவர் கையில் இல்லை. ஒருவர் ‘ஸ்ட்ராங்கா ஒண்ணு’ என்பார், இன்னொருவர் ‘பார்சல் நாலு’ என்பார், மூன்றாமவர் வெறுமனே நின்று பேப்பர் படித்துவிட்டுப் போவார். மாஸ்டர் செய்வது ஒன்றுதான்: குரல் வரும் வரை நிற்பது, வந்ததும் அதற்குரிய வேலையைச் செய்வது, மறுபடி வந்து நிற்பது. எந்தக் குரலுக்கு எந்த வேலை என்பதை மட்டும் முன்கூட்டியே பழகிவைத்திருக்கிறார்.

நிரலில் அந்தக் குரலுக்குப் பெயர் ஈவென்ட், அதாவது நிகழ்வு. மவுஸ் அசைவது, விசை அழுத்தப்படுவது, ஜன்னலை இழுத்துப் பெரிதாக்குவது, மேலே மறைத்திருந்த இன்னொரு ஜன்னல் விலகுவது எல்லாமே நிகழ்வுகள். நின்று, கேட்டு, செய்து, திரும்ப வந்து நிற்கும் சுழற்சிக்குப் பெயர் ஈவென்ட் லூப். டிகின்டரில் அதைத் தொடங்கிவைக்கும் கட்டளை மெயின்லூப். அதற்குள் நடப்பது இவ்வளவுதான்:

1. இயங்குதளம் நிகழ்வுகளை ஒரு வரிசையில் போட்டுக்கொண்டே வரும்.
2. லூப் அந்த வரிசையின் தலையில் இருப்பதை எடுக்கும்.
3. இது எந்தப் பெட்டிக்கு, எந்தப் பட்டனுக்கு என்று பார்க்கும்.
4. அதற்கென்று ஒரு ஃபங்ஷன் (பெயரிட்டு எழுதிவைத்த ஒரு வேலைத்துண்டு) ஒப்படைக்கப்பட்டிருந்தால் அதை ஓடவிடும். அந்த ஃபங்ஷன் முடியும் வரை லூப் அங்கேயே நிற்கும்.
5. முடிந்ததும் அடுத்ததை எடுக்கும். வரிசை காலியாக இருந்தால் காத்திருக்கும்.

நான்காவது வரியின் கடைசி வாக்கியத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப அதற்கு வருவோம்.

மெயின்லூப் வரியை எழுத மறந்தால் ஜன்னல் தோன்றி மறைவது ஏன் என்பது இப்போது தெரிந்திருக்கும். மாஸ்டர் கடையைத் திறந்தார், நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பைத்தானோடு வரும் ஐடில் என்ற எடிட்டரும் டிகின்டரில் எழுதப்பட்டதுதான். அது பின்னணியில் நிகழ்வுகளை அவ்வப்போது தானே கவனித்துக்கொள்வதால், மெயின்லூப் இல்லாத நிரலும் அதற்குள் ஓடிவிடும். வெளியே எடுத்து ஓட்டினால் ஓடாது. ‘லேபில் ஓடியது சார்’ என்று சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்லவில்லை.

பைத்தான் லேபின் கடைசிப் பயிற்சியாக பைகேம் என்ற விளையாட்டுக் கருவியில் பந்து துள்ளவைத்தவர்கள் இந்த லூப்பை ஏற்கெனவே தங்கள் கையால் எழுதியிருக்கிறார்கள். ‘ஒயில்’ சுழற்சி ஒன்றைப் போட்டு, அதற்குள் நிகழ்வுகளை வாங்கி, வெளியேறச் சொன்னால் வெளியேறி, இல்லையென்றால் பந்தை நகர்த்தி வரைந்த அதே சுழற்சிதான் இது. டிகின்டரில் அது உள்ளே ஒளிந்திருக்கிறது. இந்த ஒற்றுமையை லேபிலேயே இரண்டு வரியில் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பின்னால் இருக்கும் இன்னொரு மொழி

டிகின்டர் என்ற பெயரே ‘டிகே இன்டர்ஃபேஸ்’ என்பதன் சுருக்கம். டிகே, பைத்தானுக்காகப் பிறந்ததே இல்லை. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட் 1988-ல் டிசிஎல் என்ற ஸ்கிரிப்ட் மொழியை எழுதினார். உச்சரிப்பு ‘டிக்கிள்’. அந்த மொழிக்கு ஜன்னல், பட்டன் செய்யும் கருவிப்பெட்டியாக டிகே 1991-ல் வெளிவந்தது. பைத்தானின் முதல் பதிப்பை கைடோ வான் ரோசம் வெளியிட்டதும் அதே ஆண்டு. பிறகு பைத்தான்காரர்கள் ஜன்னலுக்கென்று புதிதாக ஒன்றைக் கட்டாமல் டிகேவைக் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

ஆகவே நீங்கள் பைத்தானில் ‘ஒரு பட்டன் வை’ என்று எழுதினால், டிகின்டர் அதை டிசிஎல் கட்டளையாக மாற்றுகிறது, பைத்தானுக்குள் ஓடும் டிசிஎல் அதை டிகேவிடம் கொடுக்கிறது, டிகே இயங்குதளத்திடம் சொல்லி வரையவைக்கிறது. இந்தக் கைமாற்றம் தெரியாதவர்களுக்கு விளங்காத விஷயங்கள் சில:

1. தவறு செய்தால் பைத்தானின் பிழைச்செய்தியில் ‘டிசிஎல் எரர்’ என்று வரும். தப்பான மொழியை நிறுவிவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். மூன்றாவது கை பேசுகிறது, அவ்வளவுதான்.

2. ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி உபுண்டு லினக்ஸ் போட்டவர்களுக்கு, பைத்தான் இருக்கும், டிகின்டர் இருக்காது. டெபியன் வழிவந்த லினக்ஸ்களில் அது ‘பைத்தான்3-டிகே’ என்ற தனிப் பொதி. அதை நிறுவினால் போதும்.

3. படம் மறைவது இங்கிருந்துதான். படம் டிகேவிடம் இருந்தாலும் அதன் ஆயுள் பைத்தான் பக்கத்துப் பொருளின் கையில் இருக்கிறது, திரையில் அதைக் காட்டும் லேபிள் என்ற துண்டிடம் இருப்பது படத்தின் பெயர் மட்டும். ஒரு ஃபங்ஷனுக்குள் படத்தைத் திறந்து லேபிளில் வைக்கிறீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் படத்தைப் பிடித்திருந்த மாறி (மதிப்புக்கு வைத்த பெயர்) மறைந்துவிடும், யாரும் பிடித்திருக்கவில்லை என்று பைத்தான் தன் பொருளைக் குப்பையில் போடும், கூடவே டிகேவிடமிருந்த படமும் அழிந்துவிடும். டிகே பெயரை வைத்துக்கொண்டு வெற்றிடத்தைக் காட்டுகிறது. ஃபங்ஷனுக்கு வெளியே தங்கும் ஒரு மாறியிலோ, அந்த லேபிளின் பண்பாகவோ படத்தைப் பிடித்து வைத்தால் படம் நிற்கும்.

4. உலாவியிலேயே பைத்தான் எழுதி ஓட்டும் கூகுள் கோலாபில் டிகின்டர் நிரலை ஓட்டினால் ‘டிஸ்ப்ளே இல்லை’ என்று பிழை வரும். நிரல் எந்தக் கணினியில் ஓடுகிறதோ அங்கேதான் ஜன்னல் திறக்கப் பார்க்கும். கோலாப் நிரல் ஓடுவது எங்கோ இருக்கும் ஒரு சர்வரில், அதற்குத் திரையே கிடையாது.

ஜன்னலைக் கட்டுதல்

இப்போது சப் மீட்டருக்கு வருவோம். திரையில் தெரியும் ஒவ்வொரு துண்டுக்கும் பொதுப்பெயர் விட்ஜெட். நமக்கு மூன்று வகை போதும்: எழுத்தைக் காட்ட லேபிள், தட்டச்சு செய்ய என்ட்ரி, அழுத்த பட்டன். வேலை இந்த வரிசையில் போகும்.

1. டிகின்டரை அழைத்து, தாய் ஜன்னலை உருவாக்குவது. ஒரு நிரலுக்கு ஒரு தாய் ஜன்னல்தான். இன்னொரு ஜன்னல் வேண்டுமென்றால் ‘டாப்லெவல்’ பயன்படுத்த வேண்டும். இரண்டாவது தாய் ஜன்னல் திறந்தால் இரண்டு டிசிஎல் தனித்தனியாக ஓடும், ஒன்றின் மாறி இன்னொன்றுக்குத் தெரியாது.

2. விட்ஜெட்களை உருவாக்குவது. உருவாக்கினால் மட்டும் திரையில் வராது.

3. எங்கே வைப்பது என்று சொல்வது. இதற்கு மூன்று வழி உண்டு. ‘பேக்’ ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும். ‘கிரிட்’ கோலப்புள்ளி மாதிரி கிடைவரிசை எண், நெடுவரிசை எண் கொடுத்து வைக்கும். ‘பிளேஸ்’ இத்தனை பிக்சல் தள்ளி என்று அளந்து வைக்கும். படிவம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கிரிட். பிளேஸ் பார்க்க எளிது, ஆனால் ‘ரீடிங்’ என்று இருந்த லேபிளை ‘போன தடவை ரீடிங்’ என்று மாற்றிய உடனே பக்கத்துப் பெட்டி மேல் ஏறி உட்காரும். ஒரே தாய்க்குள் பேக்கையும் கிரிட்டையும் கலக்கவும் கூடாது.

4. கணக்குப் போடும் ஃபங்ஷனை எழுதுவது. பெயர் ‘கணக்கிடு’ என்று வைத்துக்கொள்வோம். பைத்தான் 3 முதல் மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ‘கட்டணம் = யூனிட் * விலை’ என்பது அப்படியே செல்லுபடியாகும் பைத்தான் வரி.

5. அந்த ஃபங்ஷனை பட்டனிடம் ஒப்படைப்பது.

6. மெயின்லூப்பைத் தொடங்குவது. இதற்குக் கீழே எழுதும் வரிகள் ஜன்னலை மூடிய பிறகுதான் ஓடும்.

ஐந்தாவது படியில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். எழுத வேண்டியது ‘கமாண்ட்=கணக்கிடு’. எழுதுவது ‘கமாண்ட்=கணக்கிடு()’. அடைப்புக்குறி போட்டால் ‘இப்போதே ஓட்டு’ என்று அர்த்தம். பைத்தான் உடனே ஓட்டி, அது திருப்பிக் கொடுத்ததை, அதாவது ஒன்றுமில்லாததை, பட்டனிடம் கொடுக்கும். நம் உதாரணத்தில் அந்த நேரத்தில் பெட்டிகள் காலியாக இருப்பதால் ஜன்னல் வரும் முன்பே நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அடைப்புக்குறி இல்லாவிட்டால் ஃபங்ஷன் ஓடாது, அதன் முகவரி மட்டும் போகும். கடை நம்பரை மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்து ‘பால் தீர்ந்தா இங்க கூப்பிடுங்க’ என்பதற்கும், இப்போதே போன் போட்டுப் பேசி முடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொரு பொறி: ‘பெட்டி = என்ட்ரி(...).கிரிட்(...)’ என்று ஒரே வரியில் எழுதுவது. கிரிட் எதையும் திருப்பித் தராது. ஆகவே ‘பெட்டி’ என்ற மாறியில் பெட்டி இருக்காது, ‘நன்’ என்ற வெற்று மதிப்பு இருக்கும். பெட்டி திரையில் அழகாகத் தெரியும், அதிலிருந்து எண்ணைப் படிக்கப் போகும்போதுதான் வெடிக்கும். உருவாக்குவது ஒரு வரி, வைப்பது அடுத்த வரி என்று பிரித்துவிடுங்கள்.

பெட்டியில் வருவது எண் இல்லை

என்ட்ரி பெட்டியிலிருந்து ‘கெட்’ மூலம் வாங்குவது எப்போதும் எழுத்துச்சரம்தான். 4463 என்று தட்டினாலும் பைத்தானுக்கு அது நாலு எழுத்து. கழித்தால் பிழை வரும். கூட்டினால் அதைவிட மோசம்: 44634318 என்று ஒட்டிக்கொண்டு, பிழையே இல்லாத மாதிரி நிற்கும். ரீடிங்கை ‘இன்ட்’ கொண்டு எண்ணாக்க வேண்டும். (௪௪௬௩ என்று தமிழ் இலக்கத்தில் கொடுத்தாலும் ‘இன்ட்’ சரியாக 4463 ஆக்கிவிடும். யார் தட்டப்போகிறார்கள் என்பது வேறு விஷயம்.) யூனிட் விலையில் பைசா இருந்தால் புள்ளி வைத்த எண்ணுக்கான ‘ஃப்ளோட்’ வகை வேண்டாம், ‘டெசிமல்’ வகை நல்லது. ஃப்ளோட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும், வாடகைக்காரர் அதற்கு விளக்கம் கேட்பார்.

பயன்படுத்துபவர் பெட்டியைக் காலியாக விடுவார், ‘4,463’ என்று காற்புள்ளி போடுவார். கறுப்புத் திரை நிரல் என்றால் பிழை வந்து நின்றுவிடும், எல்லோருக்கும் தெரியும். ஜன்னல் நிரல் நிற்காது. பட்டனின் ஃபங்ஷனுக்குள் பிழை வந்தால் டிகின்டர் அதைப் பின்னால் இருக்கும் கறுப்புத் திரையில் அச்சிட்டுவிட்டு லூப்பைத் தொடர்ந்து ஓட்டும். விண்டோஸில் கறுப்புத் திரை தெரியாமல் இருக்க கோப்பின் வால்பெயரை ‘.பிஒய்டபிள்யூ’ ஆக்கியிருந்தால் அந்த அச்சும் யார் கண்ணிலும் படாது. பார்ப்பவருக்கு பட்டன் செத்த மாதிரி இருக்கும். அதனால் ஜன்னல் நிரலில் ‘ட்ரை–எக்ஸெப்ட்’ போட்டுப் பிழையைப் பிடித்து, ‘ரீடிங்கை எண்ணாக மட்டும் போடுங்கள்’ என்று ஒரு செய்திப்பெட்டி காட்டுவது அலங்காரம் இல்லை, கட்டாயம்.

ஜன்னல் உறைவது எப்படி

அந்த நான்காவது வரிக்கு இப்போது திரும்பலாம். ஒப்படைத்த ஃபங்ஷன் முடியும் வரை லூப் நிற்கும். நம் கணக்கு மைக்ரோ விநாடிகளில் முடிவதால் யாருக்கும் தெரியாது. ஒரு மேன்ஷன் உரிமையாளர் 40 அறைக்கும் ரசீதை பிடிஎஃப் ஆக்கித் தரக் கேட்கிறார் என்று வையுங்கள். ஒன்றுக்கு அரை விநாடி என்றாலும் 20 விநாடி ஆகும். அந்த 20 விநாடியும் மாஸ்டர் பால் வாங்கப் போயிருக்கிறார். ஜன்னலை நகர்த்தினாலும், மூடும் பொத்தானைத் தட்டினாலும் எல்லாம் வரிசையில் போய் நிற்கும். ‘12 முடிந்தது, 13 முடிந்தது’ என்று லேபிளை நீங்கள் மாற்றிக்கொண்டே வந்தாலும் திரையில் மாறாது, ஏனென்றால் திரையைத் திரும்ப வரைவதும் வரிசையில் நிற்கும் ஒரு வேலைதான். ஒரு ஜன்னல் 5 விநாடிக்கு மேல் தன் வரிசையைக் கவனிக்காமல் இருந்தால் விண்டோஸ் அதன் மேல் போலி ஜன்னல் ஒன்றைப் போர்த்தி ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று எழுதுகிறது. நிரல் இறந்திருக்காது. மும்முரமாக வேலைதான் செய்துகொண்டிருக்கும்.

‘டைம்.ஸ்லீப்’ போட்டு விட்டுவிட்டு ஓட்டலாமே என்று தோன்றும். கூடவே கூடாது, அது மாஸ்டரைத் தூங்கவைப்பது. வழிகள் மூன்று:

1. வேலையை நறுக்குவது. ஒரு ரசீது போட்டு முடித்ததும் ஃபங்ஷன் முடிந்துவிட வேண்டும். முடியும் முன் ‘ஆஃப்டர்’ என்ற கட்டளையால் ‘இத்தனை மில்லி விநாடி கழித்து என்னைத் திரும்பக் கூப்பிடு’ என்று லூப்பிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 10 என்று கொடுத்தால் போதும். ஒவ்வொரு ரசீதுக்கும் நடுவில் லூப் திரையை வரையும், மூடச் சொன்னால் மூடும். கடிகாரம், எண்ணிக்கை, நகரும் படம் எல்லாவற்றுக்கும் இதே உத்திதான். 1000 கொடுத்தால் விநாடிக்கு ஒரு முறை. சின்ன நிரலுக்கு இதுவே சிறந்தது.

2. தனித் த்ரெட், அதாவது அதே நிரலுக்குள் பக்கத்தில் தனியாக ஓடும் இன்னொரு ஓட்டம். இணையத்திலிருந்து எதையோ இறக்குவது போல நறுக்க முடியாத வேலை என்றால் பையனை அனுப்ப வேண்டியதுதான். ஆனால் பையன் கல்லாவைத் தொடக்கூடாது. விட்ஜெட்களை மாற்றும் வேலை முதன்மை த்ரெட்டுக்கு மட்டுமே. பையன் விடையை ஒரு ‘கியூ’வில் போட்டுவிட்டுப் போக, முதன்மைப் பக்கம் ‘ஆஃப்டர்’ மூலம் அவ்வப்போது கியூவை எட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

3. ‘அப்டேட்’. ரசீது சுழற்சியின் நடுவே இந்தக் கட்டளையைப் போட்டால் காத்திருக்கும் நிகழ்வுகள் அங்கேயே ஓடிவிடும். பல இடங்களில் இதைத்தான் தீர்வாகச் சொல்கிறார்கள். ஆனால் பயன்படுத்துபவர் பொறுமையிழந்து அதே பட்டனை மறுபடி தட்டினால், முதல் ஓட்டத்தின் வயிற்றுக்குள் இரண்டாவது ஓட்டம் தொடங்கிவிடும், ரசீது இரட்டிக்கும். பட்டனை முடக்கி வைத்த பிறகே பயன்படுத்தலாம், அதுவும் வேறு வழியில்லை என்றால்.

தமிழ் எழுத்து

லேபிளில் தமிழ் போடுவதற்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம், யூனிகோடு முதல் பதிப்பிலிருந்தே தமிழ் இருக்கிறது. சிக்கல் இரண்டு இடத்தில். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கு ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. பெயரை இத்தனை எழுத்துக்குள் வெட்டும் நிரல் எழுதினால் புள்ளியில்லாத பெயர்கள் கிடைக்கும். இரண்டாவது, லினக்ஸில் பரவலாக இருக்கும் டிகே 8.6, எழுத்தைக் கோத்து வரைவதில்லை. ‘கெ’ என்று எழுதினால் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். நிரலில் தவறு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். விண்டோஸில் அதே நிரல் ஒழுங்காகக் காட்டும். லினக்ஸிலும் தமிழ் சரியாகத் தெரிந்தாக வேண்டும் என்றால் கியூட்டி அடிப்படையிலான பைசைடு போன்ற கருவிக்குப் போவதே மேல். கற்க அதிக நாள் பிடிக்கும், ஆனால் அங்கேயும் ஈவென்ட் லூப் இதே லூப்தான், பட்டனிடம் ஃபங்ஷனை அடைப்புக்குறி இல்லாமல்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தவர் கணினியில் ஓட

வீட்டு உரிமையாளரிடம் பைத்தான் நிறுவச் சொல்ல முடியாது. பைஇன்ஸ்டாலர், நிரலையும் பைத்தானையும் டிசிஎல்–டிகேவையும் சேர்த்துக் கட்டி ஒரே கோப்பாகக் கொடுக்கும். மூன்று பெட்டி நிரல் இத்தனை எம்பியா என்று மலைக்காதீர்கள், உள்ளே முழு பைத்தானே உட்கார்ந்திருக்கிறது. எந்த இயங்குதளத்தில் கட்டுகிறீர்களோ அதற்கு மட்டுமே அது பொருந்தும், உபுண்டு லேப்டாப்பில் கட்டியதை விண்டோஸில் தட்டினால் திறக்காது. ஒரே கோப்பாகக் கட்டியதைச் சில ஆன்டிவைரஸ்கள் காரணமில்லாமல் சந்தேகப்பட்டு அழித்துவிடும். கோப்புறையாகக் கட்டினால் அந்தத் தொல்லை குறைவு, திறப்பதும் வேகம்.